வானத்தின் ஒளிக் கணக்கு

(ஆடி மாதத்தில் ராஜபாளையத்திலும், அதற்கு மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் நடந்த பொதுக்கூட்டங்களில் பேசியதன் தொகுப்பு)



இன்றைய தினம் நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் உங்களில் சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். "சாதி ஒழிய வேண்டும், பெண்ணடிமை ஒழிய வேண்டும் என்று பேசுகிறவன் திடீரென்று ஆகாயத்தைப் பற்றிப் பேசுகிறானே, பூமியில் வேலை தீர்ந்துவிட்டதா?" என்று கேட்கலாம். தீரவில்லை தோழர்களே! ஆனால் பூமியில் நம்மை அமுக்கி வைத்திருக்கிற சரக்குகளில் பாதிக்கு மேல் ஆகாயத்திலிருந்து இறக்குமதியானவை. ராகுகாலம் அங்கிருந்து வருகிறது. ஏழரைச் சனி அங்கிருந்து வருகிறது. கல்யாணப் பொருத்தம் அங்கிருந்து வருகிறது. நம் தலைவிதியும் அங்கேதான் எழுதப்பட்டிருக்கிறதாம். ஆகவே சரக்கு வந்து இறங்குகிற துறையை ஒரு முறை நேரில் போய்ப் பார்த்துவிடுவது நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது.

அன்றியும், சென்ற கூட்டத்தில் ஒரு பெரியவர் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். "உலகத்தில் காணும் ஒளியெல்லாம் ஒரே பரஞ்சோதியின் சிதறல்தானே? சூரியனும் நட்சத்திரங்களும் வெறும் கருவிகள்தானே? அப்படியில்லையென்றால், எந்த ஒளி எங்கிருந்து எவ்வளவு வருகிறது என்று உங்கள் விஞ்ஞானத்தால் கணக்குக் காட்ட முடியுமா?" என்று அதில் கேட்டிருந்தார். கேள்வி நல்ல கேள்வி. எந்தக் கட்சிக்காரராயிருந்தாலும், கணக்குக் கேட்கிறவர் நமக்கு வேண்டியவர். கேட்காமலே நம்பு என்கிறவரோடுதான் நமக்குச் சண்டை. அந்தப் பெரியவருக்கு இன்று பதில் சொல்லுகிறேன். கணக்கு இருக்கிறது. பார்த்துவிட்டு ஒப்புக்கொள்ளுவதோ தள்ளுவதோ உங்கள் இஷ்டம்.

முதலில் ஒரு சங்கதி. இரவில் நாம் வெறுங்கண்ணால் தனித்தனிப் புள்ளியாகக் காண்கிற நட்சத்திரங்கள் யாவும் நம் சொந்த ஊர்க்காரர்கள். சூரியன் அவற்றில் ஒன்று. இப்படிப்பட்ட சூரியன்கள் பதினாயிரம் கோடிக்குக் குறையாமல் சேர்ந்த ஒரு பெருங்கூட்டத்துக்குள் நாம் இருக்கிறோம். அதை உள்ளிருந்து பக்கவாட்டில் பார்ப்பதால் அது ஒரு வெள்ளைப் பட்டையாகத் தெரிகிறது. அதற்குத்தான் பால்வீதி என்று பெயர். நம் முன்னோர் அதை ஆகாய கங்கை என்றார்கள். பகீரதன் தவம் செய்து கீழே இறக்கினான் என்றார்கள். ஆற்றை இறக்கினவன் அது தண்ணீரா வெளிச்சமா என்று பார்க்கவில்லை போலும்! அது எப்படியோ போகட்டும். இந்தப் பால்வீதியைப் போன்ற கூட்டங்கள் வெளியே கோடி கோடியாக இருக்கின்றன. மேல்நாட்டார் அவற்றைக் காலக்சி என்கிறார்கள். நாம் திரள் என்று சொல்லிக்கொள்ளுவோம்.

திரள்கள் வெளியே இருக்கின்றன என்பதே நூறு வருஷத்துச் செய்திதான். அதற்கு முன் தொலைநோக்கியில் தெரிந்த பஞ்சுத் திட்டுகளை நம் பால்வீதிக்குள் கிடக்கும் புகை என்று கெட்டிக்காரர்களே நினைத்திருந்தார்கள். அதை உடைப்பதற்கு வழி கண்டவர் ஒரு பெண். அமெரிக்காவில் ஹார்வர்டு வானாராய்ச்சி நிலையத்தில் ஹென்ரியட்டா லெவிட் என்ற அம்மையார், காது கேளாதவர், மணிக்கு இத்தனை காசு என்று கூலிக்குக் கணக்குப் போட உட்கார வைக்கப்பட்டவர். தொலைநோக்கியில் உட்கார்ந்து பார்க்கும் உத்தியோகம் அக்காலத்தில் அங்கே பெண்களுக்கில்லை. அங்கேயும் அந்த யோக்கியதைதான்! அவர் 1912-இல் ஒரு விதி கண்டார். சில நட்சத்திரங்கள் மினுக்கு விளக்குப்போல் பிரகாசம் கூடிக் குறைகின்றன. எது நிதானமாக மினுக்குகிறதோ அது அதிக சக்தியுள்ள விளக்கு. ஆகவே மினுக்கும் வேகத்தைப் பார்த்தால் அது எத்தனை வாட் பல்பு என்று தெரிந்துவிடும். வாட் தெரிந்த பல்பு மங்கலாகத் தெரிந்தால் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று சிறு பையனும் கணக்கிடலாம். எட்வின் ஹப்பிள் என்பவர் ஆண்ட்ரோமெடா என்ற திட்டில் அப்படிப்பட்ட ஒரு நட்சத்திரத்தை 1923-இல் கண்டு, தூரத்தைக் கணக்கிட்டு, அது நம் பால்வீதிக்கு வெளியே வெகு தொலைவிலுள்ள வேறொரு திரள் என்று ருசுப்படுத்தினார். 1925 ஜனவரி 1-இல் அது வெளியாயிற்று. இன்றைய கணக்கில் அதன் தூரம் 25 லட்சம் ஒளியாண்டு.

அதே ஹப்பிள் 1926-இல் திரள்களை உருவம் பார்த்து வகை பிரித்தார். ஒன்று நீள்வட்டத் திரள். உருண்டையாகவோ முட்டையாகவோ, கையும் காலும் இல்லாமல் மொழுக்கென்று இருக்கும். உத்திர நட்சத்திரத்துக்குக் கிழக்கே, சுமார் 5½ கோடி ஒளியாண்டுக்கு அப்பால் எம். 87 என்று ஒன்று இருக்கிறது. 2019-இல் ஒரு கருந்துளையின் படம் முதல் முதலாகப் பத்திரிகைகளில் வந்ததே, அது அதன் நடுவில் உள்ளதுதான். இரண்டாவது சுருள் திரள். நம் பால்வீதியும் ஆண்ட்ரோமெடாவும் அந்த வகை. தட்டையான தட்டு, நடுவில் ஒரு புடைப்பு, தட்டிலிருந்து சங்குச் சக்கரம் சுற்றினாற்போல் கரங்கள். மூன்றாவது ஒழுங்கற்ற திரள். தை மாதத்தில் நல்ல இருட்டில் நம் ஊரிலிருந்து தெற்கே அடிவானத்துக்குச் சற்று மேலே பார்த்தால் பெரிய மகல்லன் மேகம் என்று ஒரு சிறு வெண்திட்டு தெரியும். அது இந்த வகை. சுருளுக்கும் நீள்வட்டத்துக்கும் நடுவில், தட்டு இருந்து கரமில்லாத வில்லைத் திரள் என்றும் ஒரு இனம் உண்டு.

இனி கேள்விக்கு வருவோம். பிரபஞ்சத்தின் வெளிச்சத்தில் யார் பங்கு எவ்வளவு?

இதை ராஜபாளையத்தை வைத்தே யோசித்துப் பாருங்கள். அனுமார் மலையைத் தூக்கிக்கொண்டு பறந்தபோது கீழே சிந்திய துண்டு என்று கதை கட்டப்பட்டிருக்கும் சஞ்சீவி மலையில் இரவில் ஏறி நிற்கிறீர்கள். கீழே ஊர் முழுவதும் வெளிச்சம். மில் வாசலில் பெரிய கோபுர விளக்குகள் எரிகின்றன. அவை விரல்விட்டு எண்ணக் கூடியவை. வீடுகளிலும் தெருக்களிலும் குழல் விளக்குகள் எரிகின்றன, அவை ஆயிரக்கணக்கு. அது கார்த்திகை நாளாயிருந்தால் வாசல்தோறும் அகல் விளக்குகள் வேறு. அவை எண்ண முடியாதவை. இப்போது ஊரின் மொத்த வெளிச்சத்தில் எதன் பங்கு பெரிது? எண்ணிக்கை பார்க்கிறவன் அகல் என்பான். பிரகாசம் பார்க்கிறவன் கோபுர விளக்கு என்பான். இரண்டும் தப்பு. எண்ணிக்கையைப் பிரகாசத்தால் பெருக்கிப் பார்த்தால், நடுத்தரக் குழல் விளக்குகள்தாம் ஊருக்கு வெளிச்சம் தருகின்றன என்று தெரியும்.

வானத்திலும் ஏறக்குறைய இதேதான். பால் ஷெக்டர் என்பவர் 1976-இல் எந்தப் பிரகாசத்தில் எத்தனை திரள்கள் இருக்கின்றன என்பதற்கு ஒரு சூத்திரம் எழுதினார். அதை வைத்துத்தான் இன்றும் கணக்குப் போடுகிறார்கள். சின்னஞ்சிறு குள்ளத் திரள்கள் ஏராளம். நம் பால்வீதியைச் சுற்றி மட்டுமே ஐம்பதுக்கு மேல் கண்டுபிடித்தாகிவிட்டது. ஆனால் அவை அத்தனையின் ஒளியையும் கூட்டினாலும் பால்வீதி ஒளியில் பத்திலொரு பங்கு, அல்லது சற்று அதிகம். அதிலும் பெரும்பகுதி மகல்லன் ஒன்றே தருவது. மறுபக்கத்தில் எம். 87 போன்ற ராட்சசத் திரள்கள் பிரகாசமானவை, ஆனால் அபூர்வம். கணக்குப் போட்டால், பிரபஞ்ச ஒளியில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு, பால்வீதியில் பத்திலொரு பங்கு முதல் சில மடங்கு வரை பிரகாசமுள்ள நடுத்தரத் திரள்களிடமிருந்தே வருகிறது.

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிட வேண்டும். "பார்த்தீர்களா, வானத்திலேயே நடுத்தரமானவர்களால்தான் உலகம் நடக்கிறது, மடாதிபதியாலும் மிராசுதாராலும் அல்ல" என்று நான் இங்கே ஒரு போடு போட்டால் நீங்கள் கை தட்டுவீர்கள். நான் அப்படிச் சொல்லப் போவதில்லை. முகத்தில் ஒரு சாதி, காலில் ஒரு சாதி என்று பிறவியைக் காட்டித்தானே அவன் நம்மைக் கீழே வைத்தான்? இயற்கையைப் பொய்ச்சாட்சிக்கு இழுக்கும் அந்த வித்தையை நாம் செய்தாலும் பித்தலாட்டம் பித்தலாட்டந்தான். மனிதன் மனிதனுக்குச் சமம் என்பதற்குத் திரள்களின் சாட்சி நமக்கு வேண்டியதில்லை.

நிற்க. வகைவாரியாகப் பங்கு என்ன? 1998-இல் புகுகிதா, ஹோகன், பீபிள்ஸ் என்ற மூவர் ஒரு பெரிய வரவு செலவு ஏடு போட்டார்கள். (பீபிள்ஸுக்கு 2019-இல் நோபல் பரிசு கிடைத்தது.) நீல நிற ஒளியை மட்டும் எடுத்துக்கொண்டால், சுருள் திரள்களின் பங்கு ஏறக்குறைய நூற்றுக்கு 60, நீள்வட்டமும் வில்லையும் சேர்ந்து நூற்றுக்கு 30-க்குச் சற்று மேல், ஒழுங்கற்றவை நூற்றுக்கு 6. ஆனால் ஒளியை விட்டுவிட்டு, நட்சத்திரங்களின் மொத்த எடையைப் பாருங்கள். கணக்குத் தலைகீழாகிறது. எடையில் முக்கால் பங்கு நீள்வட்டத் திரள்களிலும், மற்றத் திரள்களின் நடுப் புடைப்புகளிலும் இருக்கிறது. சரக்கு ஓரிடத்தில், வெளிச்சம் ஓரிடத்தில்! இது ஏன்?

இதற்குக் கொல்லன் உலையைப் பார்த்தால் போதும். காய்ந்த இரும்பு முதலில் சிவக்கும். மேலும் காய்ந்தால் மஞ்சளாகும். இன்னும் காய்ந்தால் வெளுக்கும். நட்சத்திரமும் அப்படியே. மிகச் சூடானது நீலம், குறைந்த சூடு சிவப்பு. நீல நட்சத்திரம் பெரியது, அது சூரியனைப் போல் பல்லாயிரம் மடங்கு எரிகிறது. ஊதாரி வீட்டுப் பணம்போல் அதன் எரிபொருள் சில பத்து லட்சம் ஆண்டில் தீர்ந்துபோகிறது. சூரியன் சிக்கனக்காரன், அதன் ஆயுள் சுமார் 1,000 கோடி ஆண்டு. சூரியனைவிடச் சிறிய சிவப்பு நட்சத்திரங்களோ கஞ்சர்கள். எண்ணிக்கையில் அவைதாம் அதிகம், வெளிச்சம் என்னவோ சொற்பம். ஆகையால் நீல ஒளி இருக்கிற இடத்தில் நட்சத்திரங்கள் இப்போதும் பிறந்துகொண்டிருக்கின்றன என்று அர்த்தம். சுருள் திரளின் கரங்களில் வாயு இருக்கிறது, தூசி இருக்கிறது, புதிய நட்சத்திரம் பிறக்கிறது, அதனால் வெளிச்சம். நீள்வட்டத் திரளில் வாயு பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. பிரசவம் நின்றுபோன வீடு அது. கிழங்கள் மட்டும் நிறைய இருக்கின்றன, செம்மஞ்சளாக, சாந்தமாக, கனமாக.

சரி, எல்லாத் திரள்களின் ஒளியையும் ஒரு பாத்திரத்தில் ஊற்றிக் கலக்கினால் என்ன நிறம் வரும்? இதையும் செய்து பார்த்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவிலுள்ள தொலைநோக்கியில் அளந்த சுமார் 2 லட்சம் திரள்களின் ஒளியைக் கூட்டி, கிளேஸ்புரூக், பால்ட்ரி என்ற இருவர் 2002 ஜனவரியில் "பிரபஞ்சத்தின் நிறம் இளம்பச்சை நீலம்" என்று வெளியிட்டார்கள். உலகப் பத்திரிகையெல்லாம் கொட்டை எழுத்தில் போட்டன. இரண்டு மாதம் கழியவில்லை, "கம்ப்யூட்டர் நிரலில் வெள்ளை எது என்பதில் தவறு இருந்தது, சரியான நிறம் வெளிறிய பால் நிறம்" என்று அவர்களே திருத்தி வெளியிட்டார்கள். பால் அதிகம் விட்ட காப்பியின் பெயரை அதற்கு வைத்தார்கள். அவர்கள் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களாயிருந்தால், பால்கோவாவுக்கு அடுப்பேற்றிய பால் சற்றே நிறம் மாறத் தொடங்குமே, அந்தப் பதத்தின் பெயரை வைத்திருப்பார்கள். நான் சொல்ல வந்தது நிறமல்ல. இரண்டு மாதத்தில் திருத்தினார்களே, அதுதான். எந்தப் புராணத்துக்காவது இதுவரை ஒரு பிழைதிருத்தம் வெளியாகியிருக்கிறதா? பூமியைப் பாயாகச் சுருட்டிய கதைக்கு இன்றுவரை திருத்தம் வந்த பாடில்லை.

இதுவரை சொன்னது கண்ணுக்குத் தெரியும் ஒளி. இது பாதிக் கணக்குத்தான். திரள்களுக்குள் அடுப்புக்கரி போன்ற நுண்ணிய தூசி இருக்கிறது. புதிய நட்சத்திரங்கள் இந்தத் தூசிக்குள்தான் பிறக்கின்றன. தூசி ஒளியைக் குடித்துச் சூடாகி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிராக வெளியே விடுகிறது. பகலெல்லாம் வெயிலைக் குடித்த செங்கல் சுவர் ராத்திரியில் அனல் வீசவில்லையா? அதே வேலை. 1989-இல் அனுப்பப்பட்ட கோபி என்ற செயற்கைக்கோள் அளந்ததைக்கொண்டு 1996 முதல் 1998 வரை இந்த அனல் கணக்கு வெளியாயிற்று. நட்சத்திரங்கள் இதுவரை உமிழ்ந்த ஒளியில் ஏறக்குறைய சரிபாதி இப்படித் தூசியில் மாட்டி அனலாக மாறியது என்று தெரிந்தது. இந்த வரவிலும் பெரும்பங்கு தூசியும் பிறப்பும் நிறைந்த திரள்களுடையது. வாயு தீர்ந்த நீள்வட்டங்களுக்கு இதில் பங்கு சொற்பமே. கருந்துளைக்குள் விழும் வாயு சூடேறித் தரும் ஒளியும் உண்டு. அது மொத்தத்தில் சிறு பங்கு.

இனி மொத்தத் தொகை. வெளியிலுள்ள திரள்கள் அத்தனையும் சேர்ந்து நமக்கு அனுப்புகிற கண்ணுக்குத் தெரியும் ஒளி எவ்வளவு? பிரமாதமாக இருக்கும் என்று நினைப்பீர்கள். 30 சதுர கிலோமீட்டர் நிலத்தின்மேல் விழுகிற அந்த ஒளி முழுவதையும் வழித்துத் திரட்டினால் சுமார் ஒரு வாட் தேறும். படுக்கையறையில் போடுகிற சீரோ வாட் பல்பு அதைவிட அதிகம் தின்னும். கோடி கோடி திரள்களின் நன்கொடை இவ்வளவுதான்! இதனால்தான் இரவு இருட்டாக இருக்கிறது. பிரபஞ்சம் அனாதியாக, எல்லையின்றி, நட்சத்திரம் நிரம்பி இருந்தால் இரவு வானம் முழுவதும் சூரியன் முகம்போல் எரிய வேண்டுமே என்று ஓல்பர்ஸ் என்ற ஜெர்மானியர் 1823-இல் கேட்டார். அதற்கு விடை, பிரபஞ்சத்துக்கு 1,380 கோடி ஆண்டு வயதுதான் ஆகிறது, அதற்கு முந்தின ஒளி என்று ஒன்று வந்து சேர வழியில்லை என்பதே. அது விரிந்துகொண்டே போவதால் தூரத்து ஒளி மேலும் மெலிகிறது.

இந்த ஒரு வாட்டைத்தான், கேள்வி கேட்ட பெரியவர் கவனிக்க வேண்டும். இதை இரண்டு வழியில் அளக்கலாம். ஒரு வழி, திரள்களை ஒவ்வொன்றாக எண்ணிக் கூட்டுவது. மற்றது, எதையும் எண்ணாமல் வானத்தின் மொத்த வெளிச்சத்தை நேரடியாக அளப்பது. கடைக்காரன் பேரேட்டைக் கூட்டிப் பார்ப்பதும், கல்லாப்பெட்டியை எண்ணிப் பார்ப்பதும் போல. இரண்டும் ஒத்துவராவிட்டால் எங்கோ நமக்குத் தெரியாத ஒரு வரவு இருக்கிறது. பரஞ்சோதி என்று ஒன்று இருந்து வெளிச்சம் போட்டால் அது கல்லாப்பெட்டியில் இருக்கும், பேரேட்டில் இராது. கல்லாவை எண்ணுவது லேசல்ல. ஏனெனில் சூரியனுக்கு அருகே தூசியில் பட்ட வெயில் வானத்தை மங்கலாக வெளுக்கச் செய்துவிடுகிறது. 2006-இல் புறப்பட்டு 2015-இல் புளூட்டோவைக் கடந்துபோன நியூ ஹொரைசன்ஸ் என்ற விண்கலம் அந்தத் தூசிக்கு அப்பால் போய்விட்டபடியால், அங்கிருந்து அளந்தார்கள். 2021-இல் வந்த அளவு பேரேட்டைவிட ஏறக்குறைய இரு மடங்கு இருந்தது. அன்றைக்கு விஞ்ஞானிகள் என்ன செய்தார்கள்? "ஆண்டவன் அகப்பட்டான்" என்று பூசை போடவில்லை. இன்னும் தூரத்தில், இன்னும் இருட்டான பகுதியில், தூசிக் கணக்கைச் சரியாகக் கழித்துக்கொண்டு மறுபடி அளந்தார்கள். 2024-இல் முடிவு வந்தது. அளக்கும் கருவியின் பிழை வரம்புக்குள் கல்லாவும் பேரேடும் ஒத்துப்போயின. திரள்கள் தருகிற ஒளிக்கு மேல் விளக்கம் தேவைப்படும் உபரி எதுவும் இல்லை. வேறொரு கூட்டத்தார் ஃபெர்மி என்ற செயற்கைக்கோளைக்கொண்டு, தொலைவிலிருந்து வரும் காமாக் கதிர்கள் வழியில் நட்சத்திர ஒளியோடு மோதி எவ்வளவு குறைகின்றன என்று பார்த்து, நட்சத்திரங்கள் இதுவரை வெளிவிட்ட ஒளித்துகள்களின் தொகையை 2018-இல் வெளியிட்டார்கள். 4 போட்டு 84 சைபர். இதுதான் பெரியவர் கேட்ட கணக்கு. சோதிக்கு இதில் ஒரு பற்று வரி கிடையாது, ஒரு வரவு வரியும் கிடையாது.

இந்த வரவும் நாளுக்கு நாள் குறைந்து வருகிறது. நட்சத்திரப் பிறப்பு உச்சத்தில் இருந்தது சுமார் 1,000 கோடி ஆண்டுகளுக்கு முன். 2015-இல் 2 லட்சத்துக்கு மேற்பட்ட திரள்களை ஆராய்ந்தவர்கள், இன்றைய ஒளி உற்பத்தி 200 கோடி ஆண்டுகளுக்கு முன் இருந்ததில் பாதிதான் என்றார்கள். பயப்பட வேண்டாம், நம் பேரன் பேத்திகள் காலத்திலும் சூரியன் இருக்கும்.

இப்போது பூமிக்கு இறங்குவோம். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணித் தறியில் வேலை செய்கிற ஒரு தோழரின் மகள். பத்தாவதில் நல்ல மார்க் வாங்கியவள், கணக்கு எழுதுகிற வேலையில் இருக்கிறாள். மூன்று இடத்தில் பேசி, மூன்றும் நின்றுபோயிற்று. காரணம், பெண் மூலம். "ஆண் மூலம் அரசாளும், பெண் மூலம் நிர்மூலம்" என்று எவனோ சொல்லிவைத்தானாம். மாமனாருக்கு ஆகாதாம். பூராடத்தில் பிறந்தால் கழுத்தில் நூலாடாதாம். ஆயில்யம் என்றால் மாமியாருக்கு ஆகாதாம். இந்தச் சூத்திரத்தில் ஆண்பிள்ளைக்கு மட்டும் அரசு, பெண்பிள்ளைக்கு மட்டும் நிர்மூலம். ஒரே நட்சத்திரம், ஒரே ஒளி, ஆளைப் பார்த்துப் பலன் மாற்றுகிறதாம்! இப்போது இதைக் கம்ப்யூட்டரில் வேறு போட்டுப் பார்க்கிறார்கள். கம்ப்யூட்டர் சொன்னால் பொய்யாகாதாம். குப்பையை வெள்ளித்தட்டில் வைத்தால் அது பலகாரமாகிவிடுமா?

தோழர்களே, மூலம் என்பது எந்தத் திசை? வானத்துத் தேளின் கொடுக்கு. கொடுக்கின் நுனியிலுள்ள பிரகாசமான நட்சத்திரம் நமக்கு 500 ஒளியாண்டுக்கு மேல் தூரத்தில் இருக்கிறது. ஐந்நூறு வருஷத்துக்கும் முன்னால் புறப்பட்ட ஒளி அது. இன்றைக்கு எந்தப் பெண் பிறக்கிறாள் என்று அதற்கு என்ன தெரியும்? அது மட்டுமல்ல. அந்தக் கொடுக்குக்கும் பூராடத்துக்கும் நடுவில்தான் நம் பால்வீதியின் மையம் இருக்கிறது. சுமார் 26,000 ஒளியாண்டு தூரம். நம் திரளில் நட்சத்திரங்கள் மிக நெருங்கி நிற்பதும், தூசி மட்டும் மறைக்காவிட்டால் இரவு வானத்தில் மிகப் பிரகாசமாக இருக்க வேண்டியதும் அந்தத் திசைதான். அங்கிருந்து புறப்படும் கட்புல ஒளியில் லட்சம் கோடியில் ஒரு பங்குதான் தூசியைத் தாண்டி நம்மிடம் வருகிறது. அகச்சிவப்புக் கருவியால் அந்தத் தூசியை ஊடுருவிப் பார்த்து, அங்கே 40 லட்சம் சூரியன் எடையுள்ள கருந்துளை இருப்பதை நிரூபித்ததற்காக 2020-இல் நோபல் பரிசு பெற்றவர்களில் ஆண்ட்ரியா கெஸ் என்ற ஒரு பெண்ணும் இருக்கிறார். மூலத்துக்கும் பூராடத்துக்கும் இடையே பார்த்துப் பார்த்து ஒருத்தி உலகப் பரிசு வாங்கினாள்; அந்த நட்சத்திரங்களின் பெயரைச் சொல்லி இங்கே பெண்களை வீட்டில் உட்கார வைத்திருக்கிறோம்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இந்த மாதம் பூரம் என்று தேர் இழுத்து முடித்திருக்கிறீர்கள். பூரத்தின் பிரதான நட்சத்திரம் 58 ஒளியாண்டு தூரம். இன்று அதைப் பார்ப்பவன் காண்பது 58 வருஷத்துக்கு முந்தின ஒளி. தேரை நகர்த்தினது அந்த ஒளியா, வடம் பிடித்தவர்கள் தோளா என்பதை வடம் பிடித்தவர்களே சொல்லட்டும்.

பஞ்சாங்கக்காரர்கள் நட்சத்திரத்தைப் பார்த்துத்தானே சொல்லுகிறார்கள் என்று சிலர் எண்ணுகிறீர்கள். பார்ப்பதே இல்லை என்பதுதான் உண்மை. சென்னை வானாராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி என்பவர், 1867-இல் ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தவர். அவர் பிறப்பால் பார்ப்பனர்தான். ஆனாலும், "வானத்தைக் கண்ணால் பார்த்துப் பஞ்சாங்கத்தைத் திருத்துங்கள்" என்று தம் காலத்தில் வாதாடினார். கேட்டார்களா? ஒரு பஞ்சாங்கப்படி சனி 2025 மார்ச் 29-இல் ராசி மாறினான். இன்னொரு பஞ்சாங்கப்படி 2026-இல்தான் மாறுகிறான். ஏறக்குறைய ஒரு வருஷம் வித்தியாசம்! இரண்டு தேதிக்கும் பரிகாரம் உண்டு, இரண்டுக்கும் உண்டியல் உண்டு. சனிக்கு மட்டும் இந்தச் சங்கதி எதுவும் தெரியாது.

நம் நாட்டில் பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள். நமக்கு வடக்கே மலைத் தொடரில் கோடைக்கானலில் நூறு வருஷத்துக்கு மேலாகச் சூரியனைப் படம் பிடித்து வருகிறார்கள். ஜவ்வாது மலையில் காவலூரில் 2.3 மீட்டர் அகலக் கண்ணாடியுள்ள தொலைநோக்கி 1986 முதல் இருக்கிறது; அதை இந்த நாட்டிலேயே செய்தார்கள், வைணு பாப்பு பெயரை அதற்கு வைத்தார்கள். பழனிக்கும் திருப்பதிக்கும் பஸ் வைத்துப் போகிற தோழர்கள், பொதுமக்களை அனுமதிக்கும் நாள் எது என்று விசாரித்துக்கொண்டு ஒரு முறை காவலூருக்குப் போய் வாருங்கள். காணிக்கை கிடையாது, மொட்டையும் கிடையாது.

நேரமாகிவிட்டது. மைக்காரர் வேறு மணியைப் பார்க்கிறார். கூட்டம் முடிந்ததும் விருப்பமுள்ள தோழர்கள், முக்கியமாகப் பெண்மக்கள், செண்பகத்தோப்புப் பாதையில் தெரு விளக்கு முடிகிற இடத்துக்கு வாருங்கள். இரண்டு பைனாகுலர் கொண்டுவந்திருக்கிறோம். பூரம் பொழுது சாய்ந்ததுமே மலைக்குப் பின்னால் இறங்கிவிட்டது, அது அகப்படாது. மேகம் விலகினால் தெற்கே தேளும் கொடுக்கும் நன்றாகத் தெரியும். கொடுக்கிலிருந்து சற்று இடப்பக்கம் பால்வீதி பருத்து வெளுத்திருக்கும், அங்கே கொஞ்ச நேரம் பாருங்கள். 11 மணிக்கு மேல் தங்க முடிந்தவர்களுக்கு வடகிழக்கில் உத்திரட்டாதிக்குப் பக்கத்தில் ஆண்ட்ரோமெடாவைக் காட்டுகிறோம். பைனாகுலர் இல்லாமலும் ஒரு பஞ்சுத் துணுக்குப்போல் தெரியும். டார்ச் விளக்கு கொண்டுவருகிறவர்கள் அதன்மேல் சிவப்புத் தாள் கட்டிக் கொண்டுவாருங்கள். வெள்ளை வெளிச்சம் பட்டால் கண் மறுபடி இருட்டுக்குப் பழக அரை மணி நேரம் ஆகும்.